லினக்ஸ் வீட்டு ஸ்டுடியோவில் ஈக்யூவை எங்கே வைப்பது?

ஓர் அறை, மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு யூஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸ், ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு ஹெட்ஃபோன், லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர். இந்த அளவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: அறையின் குறையையும் ஹெட்ஃபோனின் குறையையும் சரிசெய்யும் ஈக்யூவை, அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை, எங்கே போடுவது? ஆர்டோர், ரீப்பர் போன்ற ரெக்கார்டிங் மென்பொருளுக்குள்ளேயா, கம்ப்யூட்டரிலிருந்து வரும் எல்லா ஒலிக்குமா? எல்லாவற்றுக்கும் என்றால் எந்தக் கருவியைக் கொண்டு?

எல்லா ஒலிக்கும் போடுவதுதான் சரி என்பது என் கட்சி. மிக்ஸ் செய்வதில் பாதி வேலை ஒப்பிட்டுக் கேட்பதுதான். பிரவுசரில் ஓடும் ஒரு பாட்டு, பிளேயரில் இருக்கும் பழைய மிக்ஸ், ரெக்கார்டிங் மென்பொருளில் திறந்திருக்கும் இன்றைய மிக்ஸ், மூன்றும் ஒரே திருத்தத்தின் வழியாகக் காதுக்கு வந்தால்தான் அந்த ஒப்பீட்டை நம்பலாம். ஒன்றுக்கு மட்டும் ஈக்யூ, மற்றவற்றுக்கு இல்லை என்றால், பேஸ் கூடுதலா குறைவா என்ற முடிவே தடுமாறிவிடும்.

ஆனால் எந்தக் கருவி என்பதை வசதிகளின் பட்டியலை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஸ்டுடியோவுக்கு வேண்டியது வேறு. இப்போது எந்தத் திருத்தம் இயங்குகிறது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். அது ஏற்றுமதியாகும் கோப்புக்குள் புகக் கூடாது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அப்டேட் செய்தாலும் அப்படியே நிற்க வேண்டும்.

முதலில், எதைச் சரிசெய்கிறோம்?

நம் ஊர் வீடுகளில் சாதாரணமாகக் கிடைப்பது பத்துக்குப் பத்து அறை. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி தேங்கி நிற்கும் முதல் அதிர்வெண், வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ். அகலமும் பத்தடி என்பதால் அந்தத் திசையிலும் அதே 56. கூரையும் பத்தடி உயரத்தில் இருந்தால் மூன்று திசையும் ஒரே இடத்தில் குவிகின்றன. சுவரும் தளமும் செங்கல், கான்கிரீட். ஒலியை அவை மிகக் குறைவாகவே உறிஞ்சும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தியைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். ஆக, அந்த ஒரு ஸ்வரம் மட்டும் அறையில் வீங்கிக் கேட்கும். அதை நம்பி மிக்ஸில் குறைத்தால், காரில் போட்டுக் கேட்கும்போது அங்கே பேஸே இருக்காது.

இப்படி மேலெழும் மேடுகளை ஈக்யூ அழகாகக் குறைத்துவிடும். பள்ளங்கள் விஷயம் வேறு. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வருவது பள்ளம். அந்த இடத்தில் ஈக்யூவை ஏற்றினால் நேர் ஒலியும் ஏறும், எதிரொலியும் ஏறும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஐந்து அங்குல ஸ்பீக்கரின் கோன்தான் பாடுபடும். ஸ்பீக்கர் முகப்பு பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் இந்தப் பள்ளம் சுமார் 86 ஹெர்ட்ஸில் விழும். நகர்த்தினால் பள்ளமும் நகரும். ஆகவே பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்துவது, மூலைகளில் கனமான ராக்வுல் பேனல் வைப்பது. ஈக்யூ அதற்கு அப்புறம்தான்.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் இருக்கிறது. ஜாவாவில் எழுதப்பட்டது என்பதால் லினக்ஸிலும் ஓடும், இலவசம். யூமிக்-1 போல, தனித்தனி மைக்குக்கும் அளவுத்திருத்தக் கோப்போடு வரும் அளவீட்டு மைக் ஒன்று போதும். அளந்த பிறகு ஈக்யூ கணக்கிடச் சொல்லும்போது இரண்டு கட்டுப்பாடுகள் போடுங்கள்: திருத்தம் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், கூட்டுவது பூஜ்யம், குறைப்பது மட்டும். அதற்கு மேலுள்ள அதிர்வெண்களில் மைக்கை ஒரு சாண் நகர்த்தினாலே வரைபடம் மாறிவிடும். அந்த ஏற்ற இறக்கங்களுக்கெல்லாம் பேண்ட் (ஓர் அதிர்வெண்ணைச் சுற்றிச் செய்யும் ஒரு திருத்தம்) போட்டுக்கொண்டிருந்தால் ஒலி உயிரற்றுப் போகும். பெரும்பாலும் நாலைந்து பேண்ட் போதும்.

ஹெட்ஃபோன் தனிக் கதை. அங்கே அறை இல்லை. ஹெட்ஃபோனின் சொந்த வளைவு மட்டும்தான். யாக்கோ பசனென் தொடங்கிய ஆட்டோஈக்யூ திட்டத்தில் ஏராளமான மாடல்களுக்கு, பிறர் அளந்த தரவுகளிலிருந்து கணக்கிட்ட ஈக்யூ அமைப்புகள் கிடைக்கின்றன. உங்கள் மாடல் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டும் ஒரே வடிவத்தில் கிடைப்பது பெரிய வசதி. விண்டோஸில் பிரபலமான ஈக்வலைசர் ஏபிஓ பயன்படுத்தும் எளிய எழுத்துக் கோப்பு: முதல் வரியில் முன்குறைப்பு (ஈக்யூவுக்கு முன் மொத்த ஒலியையும் குறைப்பது) எத்தனை டெசிபல், பிறகு வரிக்கு ஒரு பேண்ட், அதன் அதிர்வெண், அளவு, க்யூ (பேண்டின் அகலத்தைச் சொல்லும் எண்). ரூம் ஈக்யூ விசார்ட் தரும் கோப்பும் ஏறக்குறைய இதே அமைப்புதான். கீழே வரும் கருவிகளில் முக்கியமானவை இந்த வடிவத்தைப் புரிந்துகொள்ளும். அந்தக் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால், இன்று ஒரு கருவி நாளை வேறு கருவி என்று மாறுவதில் பெரிய நஷ்டம் இல்லை.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்

லினக்ஸின் பழைய ஒலிச் சேவையான பல்ஸ்ஆடியோவோடு வந்த ஈக்வலைசர் மாட்யூல், ஒலிச் சாதனங்களை இயக்கும் அடிமட்ட அடுக்கான ஆல்சாவுக்கான பத்து பேண்ட் ஆல்சாஈக்வல் என்றெல்லாம் இன்னும் தேடலில் கிடைக்கும். பத்து நிலையான பேண்ட்களை வைத்து 56 ஹெர்ட்ஸில் ஒல்லியாக ஒரு மேட்டைக் குறைக்கவே முடியாது. அந்த பேண்ட் அக்கம்பக்கத்தையும் சேர்த்து இழுத்துவிடும். ஸ்டுடியோ வேலைக்கு இவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம்.

இன்றைய அடித்தளம் பைப்வயர்: நிரல்களின் ஒலியைச் சாதனங்களுக்குக் கொண்டுபோகும் சேவை. ரெட்ஹேட்டில் விம் டைமன்ஸ் முதலில் வீடியோவுக்காகத் தொடங்கியது. 2021இல் ஃபெடோரா 34, அடுத்த ஆண்டு உபுண்டு 22.10 ஆகியவை ஒலிக்கும் அதையே இயல்பாக்கின. பல்ஸ்ஆடியோவை எதிர்பார்க்கும் பிரவுசரும் ஸ்டுடியோ மென்பொருள்களுக்கான ஒலிச் சேவையான ஜாக்கை எதிர்பார்க்கும் ஆர்டோரும் ஒரே மேடையில் ஓடுவது இதனால்தான். முன்பெல்லாம் இவை இரண்டையும் சேர்த்து வைப்பதே ஒரு நாள் வேலை.

ஈஸிஎஃபெக்ட்ஸ்

பல்ஸ்எஃபெக்ட்ஸ் என்ற பெயரில் இருந்தது, பைப்வயருக்கு மாறியபோது ஈஸிஎஃபெக்ட்ஸ் ஆனது. பெரும்பாலானோர் முதலில் நிறுவுவது இதைத்தான், அதில் தப்பே இல்லை. ஈக்வலைசரில் 32 பேண்ட் வரை வைக்கலாம், ஏபிஓ கோப்பை நேரடியாக இறக்கலாம், இடது வலது சேனல்களுக்குத் தனித்தனி வளைவு கொடுக்கலாம், எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் நிறுத்தலாம். உள்ளே இயங்குவது எல்எஸ்பி பிளகின்கள். ஒலித்தரத்தில் குறை சொல்ல இடமில்லை. காதால் கேட்டுக்கொண்டே பேண்டை நகர்த்திப் பார்ப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி லினக்ஸில் இல்லை.

ஸ்டுடியோவில்தான் சில சிக்கல்கள். இது பின்னணியில் ஓடும் ஒரு செயலி. நிரல்களின் ஒலியைப் பிடித்துத் தன் விர்ச்சுவல் அவுட்புட்டுக்கு, அதாவது மென்பொருளில் மட்டும் இருக்கும் ஓர் அவுட்புட்டுக்குத் திருப்பிவிடுகிறது. பிரவுசர், பிளேயர் போன்றவை தானாக மாட்டிக்கொள்ளும். ஆனால் ஜாக் வழியாக இண்டர்ஃபேஸின் போர்ட்டுகளோடு நேராக இணைந்துகொள்ளும் ஆர்டோர் இதில் சிக்காது. எல்லாவற்றுக்கும் ஈக்யூ போட்டுவிட்டோம் என்று நினைத்திருப்போம். பிரவுசரில் ஈக்யூ இருக்கும், மிக்ஸ் செய்யும் மென்பொருளில் இருக்காது. நாம் எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே சத்தமில்லாமல் நடக்கிறது. இணைப்புகளைக் கையால் மாற்றிச் சரிசெய்யலாம், ஆனால் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆர்டோரை ஆல்சா வழியாக நேரே இண்டர்ஃபேஸோடு இணைத்தால், இதுவும் சரி, மற்ற பைப்வயர் வழிகளும் சரி, எதுவுமே அதைத் தொடாது.

இரண்டாவது சிக்கல் ஹெட்ஃபோன். எந்த அவுட்புட் சாதனம் இயங்குகிறதோ அதற்கேற்ற ப்ரீசெட்டைத் தானாக ஏற்றும் வசதி இதில் உண்டு. லேப்டாப்பில் அருமையாக வேலை செய்யும். ஆனால் இரண்டு இன்புட், இரண்டு அவுட்புட் உள்ள சாதாரண இண்டர்ஃபேஸில், ஹெட்ஃபோன் துளையில் வருவதும் ஸ்பீக்கருக்குப் போகும் அதே ஒலிதான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஒரே சாதனம். நீங்கள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோன் மாட்டியது அதற்குத் தெரிய வழியே இல்லை. அறைக்கான 56 ஹெர்ட்ஸ் குறைப்போடு ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்துகொண்டிருப்பீர்கள்.

ஈக்வலைசரின் இயங்கு முறையையும், அதாவது ஃபில்டரை அது கணக்கிடும் விதத்தையும், பாருங்கள். ஐஐஆர் முறையில் இருந்தால் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். எஃப்ஐஆர், எஃப்எஃப்டி முறைகள் தாமதம் சேர்க்கும்.

பைப்வயரின் ஃபில்டர்-செயின்

என் தேர்வு இது. தனிச் செயலி இல்லை, பைப்வயரிலேயே இருக்கும் மாட்யூல். ஒரு கான்ஃபிக் கோப்பு எழுதினால், நாம் சூட்டிய பெயரில் ஒரு புதிய அவுட்புட் பட்டியலில் வந்துவிடும். அதற்குள் போகும் ஒலி ஈக்யூ ஆகி, நாம் குறிப்பிட்ட இண்டர்ஃபேஸுக்குப் போகும். அதற்கென்று பின்னணியில் ஓடும் ஒரு சிஸ்டம்டி சேவையும் உண்டு, அதை ஒருமுறை இயக்கி வைத்தால் லாகின் செய்ததும் தானாக எழும். ஆறு பேண்ட் ஈக்யூவுக்கான மாதிரிக் கோப்பு பைப்வயரோடே வருகிறது. அதை நகலெடுத்து எண்களை மட்டும் மாற்றினால் போதும். புதிய பதிப்புகளில் ஏபிஓ கோப்பை நேராகப் படிக்கும் பராமெட்ரிக் ஈக்வலைசர் மாட்யூலும் இருப்பதால், பல சமயம் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டினாலே வேலை முடிந்தது.

பெயர் சூட்டலாம் என்பதுதான் ஸ்டுடியோவுக்கு இதில் கிடைக்கும் பெரிய லாபம். "அறை" என்று ஒன்று, "ஹெட்ஃபோன்" என்று ஒன்று. இரண்டும் கடைசியில் ஒரே இண்டர்ஃபேஸுக்குத்தான் போகின்றன, ஈக்யூ மட்டும் வேறு. டெஸ்க்டாப்பின் ஒலி மெனுவைத் திறந்தால் இப்போது எது தேர்வாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஹெட்ஃபோன் மாட்டியதும் நீங்களே ஒரு கிளிக்கில் மாற்றுகிறீர்கள். கம்ப்யூட்டர் ஊகிக்க வேண்டியதில்லை. ஆர்டோரையும் இந்த அவுட்புட்டின் போர்ட்டுகளில், ஒலி இணைப்புகளை வரைபடமாகக் காட்டும் கியூபிடபிள்யூகிராஃப் கொண்டு இணைத்து, அந்த இணைப்பைச் சேமித்து வைக்கலாம். அடுத்த முறை திறக்கும்போது அதுவே இணைத்துக்கொள்ளும்.

கோப்பு எழுதும்போது இலக்கு சாதனத்தை விடாமல் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ மானிட்டரை ஒரு நாள் செருகும்போது, அறைக்கான திருத்தம் மானிட்டரின் சின்ன ஸ்பீக்கருக்குத் தாவிவிடலாம். இன்னொன்று, வால்யூம். கீபோர்டின் வால்யூம் பட்டன் இனி விர்ச்சுவல் அவுட்புட்டைத்தான் ஏற்றி இறக்கும். பின்னால் இருக்கும் உண்மையான அவுட்புட்டின் வால்யூம் தனியாக இருக்கும். உண்மையானதை பேவுகண்ட்ரோல் என்ற வால்யூம் நிரலில் 100 சதவீதத்தில் வைத்துவிட்டு, ஸ்பீக்கர் அளவை இண்டர்ஃபேஸின் குமிழில் வைத்துக்கொள்வது நல்லது.

இதன் குறை, காதால் கேட்டுக்கொண்டே நகர்த்த வசதியான திரை இல்லாதது. ஆனால் அறைத் திருத்தத்தைத் தினம் நகர்த்தக் கூடாது என்றே நான் சொல்வேன். அது அளந்து ஒருமுறை போட்டுவிட்டு, மேசை இடம் மாறும்வரை தொடாமல் இருக்க வேண்டிய விஷயம். திரையில் ஸ்லைடர் இருந்தால் கை சும்மா இருக்காது. இன்று கொஞ்சம் பேஸ் போதவில்லை என்று ஏற்றிவிட்டால், நேற்றைய மிக்ஸோடு ஒப்பிடுவதற்கு அடிப்படையே போய்விடும்.

பைப்வயரில் எது எதோடு இணைய வேண்டும் என்று தீர்மானிக்கும் வயர்பிளம்பரில் 0.5 பதிப்பிலிருந்து ஸ்மார்ட் ஃபில்டர் என்ற வசதி உண்டு. விர்ச்சுவல் அவுட்புட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. குறிப்பிட்ட சாதனத்துக்குப் போகும் ஒலியில் ஈக்யூ தானாக நடுவில் நுழைந்துகொள்ளும். பாட்டு மட்டும் கேட்கும் கம்ப்யூட்டருக்கு மிக நல்லது. ஸ்டுடியோவில், பட்டியலில் பெயரைக் கண்ணால் பார்ப்பதை நான் விரும்புகிறேன்.

திரையைப் பதிவு செய்து பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் நன்மை. ஓபிஎஸ் போன்ற திரைப்பதிவு மென்பொருளில் விர்ச்சுவல் அவுட்புட்டின் மானிட்டரை, அதாவது அதற்குப் போகும் ஒலியின் நகலை, பதிவு செய்தால் கிடைப்பது ஈக்யூவுக்கு முந்தைய சுத்தமான ஒலி. உண்மையான அவுட்புட்டின் மானிட்டரைப் பதிவு செய்தால் உங்கள் அறைக்கான திருத்தம் பார்ப்பவரின் காதுக்கும் போய்ச் சேரும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல வீடியோக்களில் பேஸ் வற்றிப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜேம்ஸ்டிஎஸ்பி, கமிலாடிஎஸ்பி

ஆண்ட்ராய்டில் பழகியவர்களுக்கு ஜேம்ஸ்டிஎஸ்பி தெரிந்திருக்கும். லினக்ஸிலும் உண்டு. ஹெட்ஃபோனில் பாட்டு கேட்பதற்கு அருமையான கருவி. கோப்பாகக் கிடைக்கும் ஃபில்டரை ஒலியில் ஏற்றும் கன்வால்வர், ஸ்கிரிப்ட் எழுதும் வசதி எல்லாம் உண்டு. பேஸ் பூஸ்ட், விரிந்த ஸ்டீரியோ போன்ற இன்பங்கள் கையருகே இருப்பதாலேயே மிக்ஸ் செய்யும் கம்ப்யூட்டருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

கமிலாடிஎஸ்பி வேறு தளம். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட சிக்னல் செயலி. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வெவ்வேறு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கிராஸ்ஓவர், நீண்ட எஃப்ஐஆர் ஃபில்டர், சாதனங்களின் கடிகார வேறுபாட்டைச் சமாளிப்பது எல்லாம் செய்யும். சப்வூஃபர் சேர்த்திருந்தாலோ, ஸ்பீக்கரையே சொந்தமாகக் கட்டியிருந்தாலோ இதைப் படிக்கத் தொடங்குங்கள். ஐந்து பேண்டுக்காக என்றால் தேவையில்லை.

ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் போட்டால்?

ரீப்பரில் மானிட்டரிங் எஃப்எக்ஸ் என்று ஓர் இடம் உண்டு. ஆர்டோரின் மானிட்டர் பகுதியிலும் பிளகின் வைக்கலாம். இரண்டிலும் அங்கே வைப்பது ஏற்றுமதிக் கோப்பில் ஏறாது. மாஸ்டர் சேனலில் வைப்பதுதான் ஆபத்து. ஏற்றுமதிக்கு முன் அணைக்க மறந்தால் அறைத் திருத்தம் பாட்டோடு போய்விடும்.

ஒப்பிட வேண்டிய பாடல்களையெல்லாம் ப்ராஜெக்டுக்குள்ளேயே ட்ராக்காக இழுத்துப் போட்டு வேலை செய்யும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த வழியே போதும். பைப்வயர் பக்கம் போகவே வேண்டாம். ஆல்சா வழியாக நேரே இண்டர்ஃபேஸைப் பிடித்து, மிகக் குறைந்த தாமதத்தில் பதிவு செய்பவர்களுக்கும் இதுதான் வழி. இரண்டு இடத்திலும் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 7 டெசிபல் குறைப்பு 14 ஆகிவிடும்.

கம்ப்யூட்டருக்கு வெளியே செய்யும் வழியும் உண்டு. யமஹா எச்எஸ்5 போன்ற ஸ்பீக்கர்களின் பின்புறம் ரூம் கண்ட்ரோல் சுவிட்ச் இருக்கும். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும். சுவரோரம் வைத்திருந்தால் முதலில் அதைத் தட்டிவிட்டு, பிறகு அளப்பதுதான் முறை. ஆனால் ஒரே ஓர் அதிர்வெண்ணில் எழும் மேட்டுக்கு அது பயன்படாது.

தாமதம்

பலரும் பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. ஃபில்டர்-செயினின் சாதாரண பேண்டுகள் ஐஐஆர் வகை, அவற்றால் கவனிக்கத்தக்க தாமதம் கிடையாது. தாமதத்தைப் பெருமளவு தீர்மானிப்பது பஃபர் அளவு, அதாவது ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை: 48000 ஹெர்ட்ஸில் 1024 என்றால் 21.3 மில்லி விநாடி, 256 என்றால் 5.3. கன்வால்வரில் லீனியர் ஃபேஸ் ஃபில்டர் (எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு தாமதிக்கும் வகை) போட்டால்தான் கவலைப்பட வேண்டும். 4096 புள்ளி நீளமுள்ள ஃபில்டர் ஒன்றே ஏறக்குறைய 43 மில்லி விநாடியைச் சேர்க்கும். மிக்ஸ் செய்யும்போது அது தெரியாது. பாடகர் தன் குரலைக் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டுப் பாடினால் தாளம் தவறும். பாடும் நேரத்தில் மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் நேரே ஹெட்ஃபோனுக்குத் தரும் இண்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரிங்கைப் போட்டுவிட்டால் எந்த ஈக்யூவும் குறுக்கே வராது.

யாருக்கு எது?

ஹெட்ஃபோனில் மட்டும் வேலை, இப்போதுதான் தொடக்கம் என்றால் ஈஸிஎஃபெக்ட்ஸை நிறுவி ஆட்டோஈக்யூ கோப்பை இறக்குங்கள். உங்கள் ரெக்கார்டிங் மென்பொருளின் ஒலி அதன் வழியாகத்தான் போகிறதா என்பதை மட்டும் கியூபிடபிள்யூகிராஃப்பில் கண்ணால் பாருங்கள். ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் மாறி மாறி, ஒரே இண்டர்ஃபேஸ், பிரவுசரும் மிக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் என்றால் ஃபில்டர்-செயின். பேண்டுகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கட்டத்தில் ஈஸிஎஃபெக்ட்ஸ், முடிவானதும் அதே எண்களை ஃபில்டர்-செயினுக்கு மாற்றிவிட்டு ஈஸிஎஃபெக்ட்ஸை அகற்றிவிடுவது என்ற வரிசையும் நன்றாக நடக்கும்.

எந்த வழியானாலும் போட்டு முடித்ததும், ஈக்யூ இயங்கும்போதே மறுபடி ஒரு முறை அளந்துவிடுங்கள். 56 ஹெர்ட்ஸ் மேடு இறங்கியிருக்கிறதா என்பதை வரைபடத்தில் பார்த்தால்தான் எண்கள் சரியாக ஏறியிருக்கின்றன என்று நிச்சயம்.

ஹெட்ஃபோன் அமைப்பில் கூட்டும் பேண்டுகள் இருக்கும் என்பதால் முன்குறைப்பு அவசியம். அதிகபட்சக் கூட்டல் 6 டெசிபல் என்றால் முன்குறைப்பும் 6. பைப்வயருக்குள் ஒலி மிதவைப் புள்ளி எண்களாகப் போவதால், அளவு மீறினாலும் அங்கே உடையாது. இண்டர்ஃபேஸுக்குப் போகும் வாசலில் உடையும். ஆனால் முன்குறைப்பு இருந்தால் ஈக்யூ போட்டது சத்தம் குறைவாகவும், போடாதது சத்தம் கூடுதலாகவும் கேட்கும். சத்தம் கூடுதலாக இருப்பதைக் காது எப்போதும் நல்லது என்று சொல்லிவிடும். அதனால் மூன்றாவதாக "வெறும்" என்று ஓர் அவுட்புட்டும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: பேண்ட் எதுவும் இல்லாமல், அதிர்வெண் பூஜ்யத்தில் ஒரே ஒரு ஹை ஷெல்ஃப், அதாவது தன் அதிர்வெண்ணுக்கு மேலுள்ள எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும் ஃபில்டர். முதலில் அதில் முன்குறைப்பு அளவையே வையுங்கள். பிறகு ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டு, பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே சத்தத்தில் வரும்வரை அந்த எண்ணை அரை டெசிபல் அரை டெசிபலாக நகர்த்துங்கள். அதற்குப் பிறகு ஈக்யூ உண்மையில் என்ன செய்கிறது என்பது கேட்கும்.